மாரிக்கனியின் வலது கை

பால்துரைக்கு மூன்றாவது கை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. சாலிகிராமத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் இருந்த ஒத்திகை அறையில், இசைக்குழுவின் நாலு பேரும் நான்காவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் இருந்தபோது, அவனுடைய வலது அக்குளுக்கு ஒரு சாண் கீழே விலா எலும்பு அரித்தது. டிரம்ஸ் குச்சியின் நுனியால் சொறிந்துகொண்டே தாளம் தவறாமல் வாசித்தான். பனியன் புடைத்தது, தையல் விட்டது, ஒரு முழுக் கை வெளியே வந்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டது. விலாவிலிருந்து மணிக்கட்டு வரை அது பால்துரையின் நிறம். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வேறொரு ஆளின் நிறம்.

பாட்டுக்காரன் வத்சன் மைக்கிலிருந்து திரும்பி, “பால், டெம்போ இழுக்குதுடா” என்றான். பிறகுதான் கையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். “சரி, அதுக்கும் ஒரு குச்சி குடு.”

குச்சி வாங்கிய கை, மூன்றாவது பாட்டின் நடுவில் வருகிற அந்த உருட்டலை வாசித்துக் காட்டியது. ‘தார்ச்சாலை’ ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை வாங்கிய ஒவ்வொருவனும் பைக் டேங்கில் தட்டிப் பழகிய உருட்டல் அது. பத்து வருடமாக மேடையில் பால்துரையால் ஒருமுறைகூட அப்படியே வாசிக்க முடியாத உருட்டல். அவன் தடுமாறிச் சமாளிப்பதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் ‘கற்பனை வீச்சு’ என்று எழுதி வந்த உருட்டல். கை அதைத் தூக்கக் கலக்கத்தில் முதுகு சொறிவதுபோல அநாயாசமாக வாசித்துவிட்டுக் குச்சியைச் சுழற்றியது. மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். பால்துரை கைதட்டவில்லை. நகத்துக்கடியில் ஏறியிருந்த அச்சு மையையும், இரண்டாகப் பிளந்து வளர்ந்த கட்டைவிரல் நகத்தையும், சின்ன வயதில் வெடி வெடித்துப் பொசுங்கிய உள்ளங்கைத் தழும்பையும் பார்த்த உடனே அது யாருடைய கை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவன்போல இருந்துகொண்டான்.

சாயங்காலம் சிவகாசியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். “ஏய் பாலு, நம்ம மாரிக்கனிக்கு கை போயிருச்சுப்பா. கட்டிங் மிஷின்ல விட்டுட்டான். வெட்டுன கையத் தேடுறாங்க தேடுறாங்க, காகிதக் குப்பைய மூணு மணி நேரம் கிளறியும் காங்கல.”

“ஐயோ” என்றான் பால்துரை. மூன்றாவது கை போனைப் பிடுங்கி வைத்தது.

மாரிக்கனியும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பள்ளிக்கூட பேண்டு செட்டில் ஒருவன் பெரிய டிரம், ஒருவன் சின்ன டிரம். பொருட்காட்சி மெல்லிசைக் கச்சேரிகளில் ஒரே செட்டை ஆளுக்குப் பாதி இரவு வாசித்தவர்கள். பால்துரை சென்னைக்குப் போய் வத்சனோடு சேர்ந்தான், மாரிக்கனி அச்சாபீசுக்குப் போனான். முதல் ஆல்பம் பதிவு செய்தபோது, காதுக்குள் டிக் டிக் என்று ஓடும் இயந்திரத் தாளத்தோடு பால்துரையால் ஒட்டவே முடியவில்லை. ஒட்டாமல் ஒரு வாரம் போனது. வத்சன் வேறு ஆளைத் தேட ஆரம்பித்ததும், பால்துரை ஊருக்கு போன் போட்டு மாரிக்கனியை வரவழைத்தான். அவன் பதினோரு நாள் இருந்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டுப் பாட்டும் வாசித்தான். ஊருக்கு பஸ் ஏறும்போது, “அட்டையில எம்பேரப் போட்டுருவீகள்ல?” என்று கேட்டான். “போடாம?” என்றான் பால்துரை. பிறகு வத்சன், “நாலு மூஞ்சி இருக்கற அட்டையில அஞ்சாவதா ஒரு பேரு இருந்தா, யாரு என்னன்னு கேப்பாங்க. விட்டுடலாம், உனக்கு ஓகேதானே?” என்று கேட்டபோது, பால்துரை தலையாட்டினான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தலையாட்டல்.

அந்த அட்டை அச்சாகப் போனது சிவகாசிக்கு. அதுவும் மாரிக்கனி வேலை பார்த்த அச்சாபீசுக்கே. பத்தாயிரம் அட்டைகளையும் அவன் கையாலேயே அளவாக வெட்டினான். ஒவ்வொன்றிலும் தன் பேரைத் தேடினான் என்று சொல்கிறவர்கள் உண்டு. பத்து வருடம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வெட்டிக்கொண்டிருந்தது தார்ச்சாலையின் பத்தாம் ஆண்டுக் கச்சேரிக்கான போஸ்டரை. பால்துரையின் முகம், ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்நூறு முகம். கண் முகத்தில் இருந்தது, கை கத்திக்கடியில் இருந்தது, கால் பெடலை மிதித்தது.

சென்னை அந்தக் கையை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. பாண்டி பஜார் தையல்காரர் ஒருவர் இஞ்சி டேப்பை விலாவில் வைத்து அளந்து, “வலது ரெண்டும் ஒரே நீளமா வைக்கணுமா, இல்ல கீழ்க்கை அரைக்கையா?” என்று மட்டும் கேட்டார். மூன்று கை வைத்த சட்டை தெருவோரக் கடைகளுக்கு வந்தது, பையன்கள் மூன்றாவது சட்டைக்கையில் பஞ்சு அடைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார்கள். மூன்று கையால் வாசிப்பவன் ஒன்றரை ஆள் வேலையைப் பார்க்கிறான், இது மற்றவர்கள் வயிற்றில் அடிப்பது என்று வாத்தியக்காரர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். திருவொற்றியூரில் ஒரு பெண் அவனுடைய படத்துக்கு மாலை போட்டுக் குறி சொன்னாள். டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து, அது உழைப்பினால் வந்ததா பிறவியிலேயே இருந்ததா என்று கத்தினார்கள். எப்படி முளைத்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கச்சேரிகள் இரண்டு மடங்காயின. மதுரையில் மேடை சரிந்து விழுகிற அளவுக்குக் கூட்டம் ஏறியது. உருட்டலின்போது ஆளாளுக்குத் தங்கள் விலாவைத் தட்டிக்கொண்டார்கள்.

மேடையில் மட்டும்தான் கை அவனோடு ஒத்துழைத்தது. மேடையை விட்டு இறங்கினால் விரோதி. காலையில் கண் விழித்ததும் கன்னத்தில் ஒரு அறை, அது ஒரு நாளும் தவறாது. சட்னிக்குள் தோசையைத் திணித்துக் கவிழ்க்கும். சவரம் செய்யும்போது முழங்கையைத் தட்டிவிடும். ராத்திரி படுக்கப் போகுமுன் அதைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பார்த்தான். விடிவதற்குள் முடிச்சை அவிழ்த்து, அதே துண்டை ஈரமாக்கி அவன் மூஞ்சியில் போட்டிருந்தது. ஒரு டி.வி. நேரலையில், “முதல் ஆல்பத்துல நான் வாசிச்சப்ப” என்று அவன் ஆரம்பித்தபோது, வாயிலேயே ஓங்கி அடித்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மறுநாளிலிருந்து ரசிகர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக வாயில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்கள். ஒரு பற்பசைக் கம்பெனி விளம்பரம் கேட்டு வந்தது.

அவன் மனைவி லிடியாவிடம் மட்டும் கை வேறுவிதமாக நடந்துகொண்டது. அவள் பக்கத்தில் வந்தால் முதுகுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும். அவள் மேல் ஒருநாளும், தவறியும் பட்டதில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டு, “இது யாரோ மரியாதை தெரிஞ்ச மனுசனோட கை” என்றாள். பால்துரை பேச்சை மாற்றினான்.

கனடா கச்சேரிக்காக விரல்ரேகை பதியப் போனபோது லிடியாவும் கூட இருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், “பதினஞ்சு விரலும் வைங்க சார்” என்றாள். வைத்தான். திரையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“கடைசி அஞ்சு உங்களுது இல்லையே. மாரிக்கனின்னு வருது. சிவகாசி. இவரையும் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல இவர் இங்கயே இருப்பாரா?”

“இங்கதான் இருப்பான்” என்றான் பால்துரை. கை மேசையில் படீரென்று அடித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் லிடியா அவனை நிறுத்தினாள். “யாருங்க மாரிக்கனி?”

“ஊர்க்காரன்.”

“ஊர்க்காரனோட கை உங்க விலாவுல என்ன பண்ணுது?”

அவன் காரை நோக்கி நடந்தான். அன்று முதல் அவள் அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வைக்கும்போது தட்டில் வைப்பாள். மூன்றாவது கைக்கு மட்டும் தனியாக, கழுவிக்கொள்ள ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைப்பாள்.

கோயம்புத்தூர்க் கச்சேரியில் கை பேனாவைப் பிடித்தது. கையெழுத்துப் போடுவதற்காக டிரம்ஸ் பக்கத்தில் வைத்திருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து, ஐந்தாவது பாட்டு முடிந்து ஆறாவது தொடங்குவதற்கு முன்னால், பெரிய டிரம்மின் வெள்ளைத் தோலில், இருபதாயிரம் பேர் பார்க்க, இரண்டு பெரிய திரைகளில் தெரிய எழுதியது: ‘முதல் ஆல்பம் எட்டுப் பாட்டும் வாசிச்சது நான். பெ. மாரிக்கனி, கட்டிங் செக்சன், சிவகாசி.’

 பால்துரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். கெட்டதிலும் ஒரு நல்லது, இனி மறைக்க வேண்டியதில்லை என்று ஒரு நிமிடம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கூட்டம் ஊளையிட்டது. அவனைப் பார்த்து அல்ல, எழுத்தைப் பார்த்து. “அழிடா அத!” என்று ஒருவன் கத்தினான். “எவன்டா அவன், எங்க பாலு ஒடம்புல ஒட்டிக்கிட்டு பாலுவையே சொல்றது!” தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன, எல்லாம் மூன்றாவது கையைக் குறிபார்த்து. மறுநாள் ஒரு வேன் நிறைய ரசிகர்கள் சிவகாசிக்குப் போய் மாரிக்கனியின் வீட்டு ஓட்டில் கல்லெறிந்தார்கள். கை இல்லாதவனுக்கு என்ன பேச்சு என்று சுவரில் எழுதிவிட்டு வந்தார்கள்.

சிவகாசி தன் முறைக்குப் பதில் சொன்னது. அடுத்த நாளிலிருந்து தார்ச்சாலைக்கு அங்கே எந்த அச்சாபீசிலும் போஸ்டர் அடிக்கவில்லை, டிக்கெட் அடிக்கவில்லை. வேறு ஊரில் அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டினால், சிவகாசிக்காரன் பார்வை பட்ட இடத்திலெல்லாம் மை வெளுத்து, பால்துரை இருந்த இடம் வெறும் வெள்ளையாக நின்றது. மற்ற மூன்று பேரும் பளிச்சென்று இருந்தார்கள். பேருந்துகளில் சிவகாசிக்காரர்கள் எல்லா ஊருக்கும்தான் போகிறார்கள். இரண்டு மாதத்தில் தமிழ்நாட்டில் எங்கேயும் அவனுக்கு முகம் இல்லாமல் போயிற்று.

வத்சன் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்து வைத்தான். “ஒன்றரை மணி நேர வேலை. எடுத்துடலாம்னு சொல்றாரு.”

“எடுத்தா உருட்டல யாரு வாசிக்கறது?” என்றான் பால்துரை.

“முன்னாடி மாதிரி சமாளி.”

லிடியா சமையல்கட்டிலிருந்து சொன்னாள். “எடுக்கறதுன்னா உடையவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.”

அப்படித்தான் பால்துரை பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனான். அச்சாபீசுக்கு எதிரே அய்யாச்சாமியின் டீக்கடை. பகல் மூன்று மணி வெயிலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் காரிலிருந்து இறங்கியதும் அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். மாரிக்கனி பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். வலது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. இடது கையால் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அச்சாபீசில் இப்போது அவனுக்கு வாசலில் உட்கார்ந்து வருகிற வண்டிகளைக் குறித்துக்கொள்கிற வேலை.

“வந்துட்டாருய்யா மூணு கை ராசா” என்றார் அய்யாச்சாமி. “அவருக்கு டீ கிடையாது. கைக்கு மட்டும் ஒண்ணு போடவா மாரி?”

சிரித்தார்கள். மாரிக்கனி சிரிக்கவில்லை.

“மாப்ள” என்றான் பால்துரை.

“மாப்ளயெல்லாம் வேணாம். சொல்லு.”

“உன் கைய நீ எடுத்துக்கோ.”

“எப்படி எடுக்க? சட்டைப் பொத்தானா, கழத்திக் குடுக்க?”

“அப்ப அதச் சும்மா இருக்கச் சொல்லு. தினமும் அடிக்குது. நீதான ஏவி விடுத?”

மாரிக்கனி டம்ளரை வைத்தான். “நானா? கோயம்புத்தூர்ல அது எழுதுனதே எங்க வீட்டு ஓட்டுல கல்லு விழுந்த பெறகுதான் எனக்குத் தெரியும். அது பாட்டுக்கு அடிக்கி, அது பாட்டுக்கு எழுதுது. ஆனா அது தொடுறதெல்லாம் எனக்குத் தெரியும் பாத்துக்க. நீ குச்சி பிடிக்கிறது தெரியும். அந்த உருட்டல் வாசிக்கையில இங்க,” என்று வெறும் சட்டைக்கையை உயர்த்தினான், “இங்க ஜிவ்வுன்னு ஏறும். அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். மத்த நேரமெல்லாம் உன் தாடி குத்துது. சோத்துல கை வைக்கப் போவேன், உன் கன்னம் படும். எம்பொண்டாட்டி வேலுத்தாயி கேப்பா, ஏன் பாதில எந்திரிச்சிட்டீகன்னு. அவகிட்ட என்னன்னு சொல்ல? எனக்கு அருவருப்பா இருக்குடா.”

பால்துரைக்குக் கோபம் வந்தது. வெட்கத்தை விட அதுதான் சுலபமாக வந்தது. “அறுத்துருவேன். டாக்டர் பாத்தாச்சு. வியாழக்கிழமை நாள் குறிச்சிருக்கு.”

“அறு. ஒரு தடவ பழகிருச்சு எனக்கு.”

அய்யாச்சாமி அடுப்பைத் தணித்தார்.

“பத்து வருசம் நான் இங்கனதான் இருந்தேன்” என்றான் மாரிக்கனி. “பேரு போடலன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீ ஒரு போன் பண்ணி, ‘மாப்ள, தப்பாப் போச்சு’ன்னு சொல்லியிருந்தா நான் அந்தக் கத்திக்கடியில உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னுருக்க மாட்டேன். நீ வரல. அடி விழுந்தப்பெறகு வந்துருக்க. போ.”

“பேரு போட்டுருதேன். மறுபடியும் அட்டை அடிச்சு, உன் பேர மொத ஆளாப் போட்டு…”

“எனக்கு வேண்டாம். போன்னு சொல்லிட்டேன்.”

பால்துரை காரில் ஏறும்போது மூன்றாவது கை கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. அதை எதிரே பெஞ்சில் உட்கார்ந்து மாரிக்கனி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வலியால் சுருங்குவதைப் பால்துரையும் பார்த்தான்.

வியாழக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வத்சன் கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. மும்பையில் அச்சடித்து, மாரிக்கனி பேரை மேலே போட்டு, ஆல்பத்தைப் புது அட்டையோடு வெளியிட்டான். ஒன்றை ஊருக்கு அனுப்பினான், பிரிக்காமலே திரும்பி வந்தது. ரசிகர்கள், பாலு எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று சொல்லி அதையும் அவன் கணக்கிலேயே சேர்த்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து, “இது நான் இல்ல, இந்தக் கை அவனோடது” என்று சொன்னான். கைதட்டினார்கள், அடக்கம் என்றார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அந்தக் கை ஒன்றுதான் இருந்தது. ஒன்பது வருடம் ஒரு நாள் விடாமல் காலையில் அது அவனை அறைந்தது. டொராண்டோவில் அறைந்தது, கொழும்பில் அறைந்தது, காய்ச்சலில் நூற்று மூன்று டிகிரியில் கிடந்தபோதும் அறைந்தது. அவன் தினமும் தாடியை மழித்துக்கொள்ளப் பழகினான்.

ஒரு புரட்டாசி மாதம், காலை ஏழு மணிக்குக் கண் விழித்து, கன்னத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான். அறை விழவில்லை. ஏழரை ஆயிற்று. கை போர்வைமேல் மல்லாந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தான், தரைபோலச் சில்லிட்டிருந்தது. போன் வருவதற்கு முன்பே எழுந்து சட்டை போட்டுக்கொண்டான். லிடியா ஒன்றும் கேட்காமல் தானும் புறப்பட்டாள்.

மாரிக்கனியின் தெருவில் பந்தல் போட்டு, பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுவலி, வந்து அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால்துரை தெருவுக்குள் நுழைந்ததும் அய்யாச்சாமி கையை அகலமாக விரித்து மறித்தார். அவருக்குப் பின்னால் அச்சாபீஸ் ஆட்கள் முப்பது பேர்.

“இங்க உனக்கு ஒண்ணும் கிடையாது. திரும்பிப் போயிரு.”

“ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டு…”

“உன் மொகத்த அவன் பாத்தது போதும்.”

லிடியா குனிந்து, கூட்டத்தைத் தாண்டித் தனியாக உள்ளே போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் அழுகைச் சத்தம் நின்றது. வாசலுக்கு வேலுத்தாய் வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை. பால்துரையை மேலிருந்து கீழே பார்த்தாள். விலாவிலிருந்து தொங்கிய கையிடம் வந்ததும் அவள் பார்வை நின்றது. அய்யாச்சாமி பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“அவன் உள்ள வர வேணாம். கைய மட்டும் உள்ள விடுங்க.”

முப்பது பேருக்கும் அது சரியாகவே பட்டது. அவனைப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போய், வீட்டின் ஜன்னலுக்கு நேராகச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். மாரிக்கனியைக் கிடத்தியிருந்த பெஞ்சை ஜன்னலோரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. சட்டையைக் கிழித்துக் கையை இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ளே செருகினார்கள். பால்துரையின் கன்னம் சுண்ணாம்புச் சுவரில் அழுந்தியிருந்தது. உள்ளே நடப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. பெண்கள் கையை வாங்கினார்கள் என்பது தெரிந்தது. வெந்நீர் ஊற்றினார்கள். நகத்துக்கடியில் மையைச் சுரண்டினார்கள், மஞ்சள் தடவினார்கள், யாரோ அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள், சூடு ஏறியது. “எந்தங்கத்தோட கையே, நீயாவது வந்தியே” என்று வேலுத்தாயின் குரல் உடைந்தது. வெயில் அவன் முதுகில் ஏறி இறங்கியது. ஒன்றேகால் மணி நேரம் அப்படியே நின்றான். கால் மரத்துப்போனது. நகரு என்று யாரும் சொல்லவில்லை, உட்காரு என்றும் சொல்லவில்லை.

பாடையைத் தூக்குகிற நேரத்தில் மணிக்கட்டு ஒருமுறை சுண்டி இழுத்தது. வலிக்கவில்லை. ஜன்னலிலிருந்து கையை இழுத்தான். மணிக்கட்டோடு முடிந்திருந்தது, மாவு பிசைந்து தடவினதுபோல நுனி வழவழவென்று மூடியிருந்தது.

பாடை தெருவுக்கு வந்தது. மாரிக்கனியின் இரண்டு கைகளும் நெஞ்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், தோள் கொடுத்தார்கள். பால்துரையும் ஒரு அடி முன்னால் வைத்தான், தோள் கொடுப்பதற்கு. அய்யாச்சாமி அவனுடைய நெஞ்சில் ஒரு விரலை வைத்துச் சுவரோடு தள்ளினார். தப்பு அடிக்கிறவர்கள் முன்னால் போனார்கள், கூட்டம் பின்னால் போனது. தெருமுனையில் திரும்புகிற வரை அவன் சுவரோடு நின்றான். மொட்டையாக முடிந்த மூன்றாவது கை விலாவுக்குப் பக்கத்தில், வராத ஒரு குச்சிக்காக, மேலும் கீழும் தாளம் பிடித்துக்கொண்டிருந்தது. லிடியா வாசலிலேயே வேலுத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போங்க” என்றாள். “நான் காரியம் முடிஞ்சு வாரேன்.”